சுண்ணாம்புத் தண்ணியும் ஒரு திறந்த ஜன்னலும்

திருத்துறைப்பூண்டியில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. நூற்றைம்பது லிட்டர் உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், பொத்தான் பொத்தானாய் விரியும் கொஞ்சம் மென்பவளம், மேலே நீல விளக்கு. சித்தப்பா மகன், என் தம்பி, இரண்டு வருஷமாக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறான். போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு போன் பண்ணினான்.

"அண்ணே, பிஹெச் 7.7-க்கு வந்துடுச்சு. சாயந்திரம் 8.2 இருந்துச்சு. என்ன ஊத்தறது?"

எனக்குத் தெரியாது. நான் பழைய புத்தகங்களையும் அறிக்கைகளையும் புரட்டுகிறவன், மீன் வளர்க்கிறவன் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி மண்டையில் உட்கார்ந்துவிட்டது. ராத்திரியில் தண்ணீருக்கு என்ன ஆகிறது? மனுஷன் எப்போதிலிருந்து இதைக் கவனிக்கிறான்? தேடிக்கொண்டே போனதில் லண்டன், கோபன்ஹேகன், ஜகார்த்தா எல்லாம் சுற்றி, கடைசியில் மண்டபத்தில் வந்து நின்றேன். அந்த அலைச்சல்தான் இந்தக் குறிப்பு.

லண்டனிலிருந்து தொடங்கலாம். 1846-ல் ஆனா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து சில கல் பவளங்களை உயிரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்து உதவித் தலைமைக் குருவின் மனைவி. கடல் அங்கிருந்து வெகு தூரம்; தினமும் புதுத் தண்ணீர் கிடைக்காது. அவர் செய்தது இவ்வளவுதான்: திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று, தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது. நாம் காப்பி ஆற்றுகிற மாதிரி. தினம் அரை மணி, முக்கால் மணி நேரம். பெரும்பாலும் ஊற்றியது அவர் வீட்டுப் பணிப்பெண். அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று வருஷம் பவளங்கள் உயிரோடு இருந்தன. வீட்டுக்குள் பவளம் வளர்த்த கதைகளில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒன்று இது.

தண்ணீரில் காற்றுக் கலக்கத்தான் ஊற்றுகிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். அது சரி. ஆனால் அதே நேரத்தில் தண்ணீரிலிருந்து ஒன்று வெளியே போய்க்கொண்டும் இருந்தது: கரியமில வாயு. அதை அளக்க அப்போது கருவி கிடையாது, அளவுகோலும் கிடையாது.

சில வருஷம் கழித்து, 1854-ல், பிலிப் கோஸ் என்ற இயற்கையியலாளர் கடலே இல்லாமல் கடல்நீர் செய்யக் கிளம்பினார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நாலு சரக்கு. சுண்ணாம்புச் சத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அளவு ரொம்பச் சின்னது என்று விட்டுவிட்டார். அவர் விட்டுவிட்ட அந்தச் சரக்குதான் பின்னால் எல்லாரையும் ஆட்டி வைக்கப்போகிறது.

(ஒரு இடைச்செருகல். ஊரில் எல்லாரும் தம்பியைக் கேட்பது, "பக்கத்துலயே வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி எல்லாம் உப்பளமா கெடக்கு, நீ எதுக்கு உப்பைப் பாக்கெட்ல வாங்கறே?" நியாயமான கேள்விதான். ஆனால் உப்பளம் என்பதே கடல்நீரைப் பிரித்தெடுக்கும் இடம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். பிறகு உப்பு பூக்கும். மெக்னீசியம் எல்லாம் கடைசிக் கசப்பு நீரோடு போய்விடும். வேதாரண்யம் உப்பை அள்ளித் தண்ணீரில் கரைத்தால் உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும், கடல் கிடைக்காது.)

அளவுகோல் வந்தது 1909-ல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி தன் செலவில் நடத்திய ஆய்வுக்கூடத்தில் சோரன்சென் என்ற வேதியியலாளர், நொதிகள் எந்தப் புளிப்பில் நன்றாக வேலை செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் அளவை எழுத ஏகப்பட்ட சுழியம் போட வேண்டியிருந்ததால் அதை மடக்கையாகச் சுருக்கி பிஹெச் என்று பெயர் வைத்தார். ஆக ஒரு எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. 8.2-லிருந்து 7.7 என்றால் பார்க்க அரை எண். உள்ளே மூன்று மடங்கு வித்தியாசம். தம்பி ஐந்தரை மணிக்குப் பதறியதில் அர்த்தம் இருக்கிறது.

டென்மார்க்காரர்கள் நமக்கு அந்நியமும் இல்லை. 1620-லிருந்து 1845 வரை தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக் குடியிருந்து, வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன இரண்டு வருஷத்தில் கார்ல்ஸ்பெர்க் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது, சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

இன்னொரு தற்செயல் எனக்கு அதைவிடப் பிடித்தது. சென்னை மெரினாவில் இந்தியாவின் முதல் கடல்மீன் காட்சியகம் திறந்ததும் அதே 1909-தான். அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளுக்காக அவரை அறிவோம். ராமேஸ்வரம் பக்கத்துக் கடல்வாழ் உயிர்களைப் பற்றியும் முத்துக்குளிப்பைப் பற்றியும் அவர் எழுதியவற்றை அவ்வளவாக யாரும் படிப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் காட்சியகம் மூடியது. கடல் வாசலிலேயே இருந்த கட்டடம் அது. கடலை விட்டு உள்ளே தள்ளி, தண்ணீரைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கும்போதுதான் பிஹெச் என்ற தலைவலி ஆரம்பிக்கிறது.

சரி, ராத்திரியில் என்ன நடக்கிறது? இதற்குப் பதில் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, சித்தப்பா.

சித்தப்பா 1990-களில் முத்துப்பேட்டைப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து இறால் குட்டை போட்டவர். டைகர் இறால் என்றால் பணம் கொட்டும் என்று பலரும் இறங்கிய காலம். அவரிடம் மீட்டரெல்லாம் கிடையாது. ஒரு சின்ன குப்பியில் குட்டைத் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, வருகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். விடியலில் ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை. 7.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், காலைக்கும் மாலைக்கும் அரை எண்ணுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

"பகல்ல பாசி வெயில் திங்கும்டா. தண்ணில உள்ள கெட்ட காத்தை இழுத்துக்கும், பிஹெச் ஏறும். ராத்திரில பாசியும் மூச்சு விடுது, இறாலும் மூச்சு விடுது, அடிச்சேறும் மூச்சு விடுது. விட்ட மூச்செல்லாம் தண்ணிலதான் நிக்கும். காலைல பாத்தா எறங்கிக் கெடக்கும். இதுக்கு ஏன் இவன் அஞ்சரை மணிக்கு உனக்குப் போன் பண்றான், என்னைய எழுப்ப வேண்டியதுதானே?"

தொட்டியிலும் இதேதான். பவளத்தின் சதைக்குள் ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. விளக்கு எரியும்வரை கரியமில வாயுவைத் தின்னும், அணைந்தால் எல்லாரும் சேர்ந்து வெளியே விடுவார்கள். வாயு தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம். சோடாவில் நாக்கைச் சுரண்டுகிற அதே சமாச்சாரம்.

அந்த அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கக் கடல்நீரில் ஒரு கையிருப்பு இருக்கிறது. பைகார்பனேட், கார்பனேட் என்று அதற்குப் பெயர். தொட்டிக்காரர்கள் ஆல்கலினிட்டி என்றும் கேஹெச் என்றும் சொல்வார்கள். இயற்கைக் கடல்நீரில் அது சுமார் 7 டிகிரி. பலரும் இதையும் பிஹெச்சையும் ஒன்று என்று குழப்பிக்கொள்கிறார்கள், நானும் ஒரு வாரம் குழம்பினேன். பிஹெச் என்பது இன்றைய சந்தை விலை மாதிரி, மணிக்கு மணி ஆடும். கேஹெச் என்பது பத்தாயத்தில் இருக்கிற நெல். பத்தாயம் நிறைந்திருந்தால் விலை ஆடினாலும் வீடு ஆடாது. ஆனால் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதே இந்தப் பத்தாயத்திலிருந்து எடுத்துத்தான்: கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றுகிறது. கடலில் இருப்பு குறையாது. நூற்றைம்பது லிட்டரில் தினமும் குறையும். யாராவது திரும்பக் கொட்ட வேண்டும்.

எதைக் கொட்டுவது என்பதில்தான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் தன் முறையைப் பற்றி எழுதினார். கருவி ஒன்றும் இல்லை. கடலிலிருந்து உயிருள்ள பாறை, புதுக் கடல்நீர், வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி. அவர் தொட்டியில் பவளம் தழைத்தது, காரணம் கடல் பக்கத்தில் இருந்தது. ஐரோப்பாவின் உள்நாட்டில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் தன் ஜெர்மன் புத்தகங்களில் ஒரு வழி சொன்னார்: கால்க்வாஸர். இன்றைக்கும் உலகம் முழுக்கத் தொட்டிக்காரர்கள் அந்த ஜெர்மன் சொல்லை மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். மொழிபெயர்த்தால் வேறொன்றும் இல்லை, சுண்ணாம்புத் தண்ணி.

நீற்றிய சுண்ணாம்பை ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் ஒன்றரை கிராம் கரைத்து, தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விடுவது. அதன் பிஹெச் 12-க்கு மேல். தொட்டியில் தினமும் ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக இதை விட்டால் கால்சியமும் ஏறும், கேஹெச்சும் ஏறும், கூடவே கரியமில வாயுவும் பிடிபடும். ராத்திரியில் விட்டால் பிஹெச் இறங்குகிற நேரத்தில் முட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதிப் பால் மாதிரி ஆக்கியிருப்போமே, அதே வேதியியல். 1750-களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் அதைத் தெளிவாக்கியிருந்தார்.

இனி அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

டெல்டாவில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரையில் நின்ற வீடுகள் இன்னும் ஊருக்கு ரெண்டு மிச்சமிருக்கும். தெற்கே ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் கிளிஞ்சலைவிடச் சுலபமான சரக்கு ஒன்று இருந்தது: பவளக்கல். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு நிற்கும் தேவாலயச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் பூப் பூவாகத் துளை போட்ட கல் இருக்கும். அது பவளம். கட்டடத்துக்கு எடுத்தது போக, சுண்ணாம்புக்கும் பிறகு கார்பைடு, சிமென்ட் தொழிலுக்கும் மன்னார் வளைகுடாவின் திட்டுகளிலிருந்து கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாகக் கொண்டுவந்தார்கள். பவளமோ கிளிஞ்சலோ, சூளையில் சுட்டால் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் புகையோடு போய்விடும். மிச்சம்தான் சுண்ணாம்பு.

இதில் என்னை உறுத்துகிற தேதி ஒன்று உண்டு. 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளங்கள், பவளப்பாறைகள் பற்றிய கருத்தரங்கு ஒன்று நடந்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் நடத்தியது. உலகம் முழுவதும் இன்று நாலு வருஷத்துக்கொரு தடவை நடக்கிற சர்வதேசப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது அதுதான். இரண்டாவது 1973-ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையில். அறிஞர்கள் உள்ளே கட்டுரை படித்த அதே காலத்தில், அதே கரையோரத்தில், கல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. கல் எடுப்பதைப் பற்றியும் அந்தத் தொகுப்பிலேயே கட்டுரை இருக்கிறது.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்கா ஆயின. 2001 ஜூலையில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன, புலிக்கும் யானைக்கும் பக்கத்தில். அதன் பிறகும் கல் எடுப்பது நிற்க 2005 வரை ஆயிற்று, அதுவும் சுனாமி வந்த பிறகு. 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் அதற்குள் தண்ணீருக்கடியில் போயிருந்தன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது, 2014-ல் 2 ஹெக்டேருக்கு வந்துவிட்டது. பிறகு அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அவையும் சிமென்ட்தான். பவளத்தைச் சுட்ட கரையில், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, பவளத்துக்கு வீடு.

சித்தப்பாவின் குட்டைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அங்கேயும் சுண்ணாம்பு மூட்டைதான். பிஹெச் இறங்கினால் சுண்ணாம்பு, அறுவடைக்குப் பிறகு குட்டையைக் காயப்போட்டு அடிமண்ணுக்குச் சுண்ணாம்பு, மழை பெய்தால் கரையோரம் சுண்ணாம்பு. மூட்டைக் கணக்கில் போனது. 1994, 95-ல் வெள்ளைப்புள்ளி நோய் இந்தக் கரை முழுக்க அடித்தபோது எந்த மூட்டையும் காப்பாற்றவில்லை. இன்னொரு பக்கம், குட்டைத் தண்ணீர் வயலில் இறங்கியது, குடிதண்ணீர் உப்பானது என்று ஊர்க்காரர்கள் போராடினார்கள். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்சநீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர, அகற்றச் சொன்னது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து அந்தத் தொழிலுக்கு வேறு வழி திறந்தது வேறு கதை. சித்தப்பா அதற்கெல்லாம் முன்னாலேயே குத்தகையை விட்டுவிட்டார். "நாம குட்டையை மட்டும் பாத்தோம், குட்டை தண்ணி போற எடத்தைப் பாக்கல" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

இதெல்லாம் படித்துக்கொண்டிருந்த நடுவில் தம்பி ஒரு காரியம் பண்ணினான். கால்க்வாஸர் என்று கேள்விப்பட்டவன், சொட்டுச் சொட்டாக விடுவதற்குப் பொறுமை இல்லாமல், ரெண்டு ஸ்பூன் சுண்ணாம்புத் தூளை ஒரு டம்ளரில் கலக்கி நேராகத் தொட்டியில் ஊற்றிவிட்டான். மீட்டர் 9-ஐத் தொட்டது. கால் மணி நேரத்தில் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்தது. கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தூளாக இறங்கிவிட்டன. மறுநாள் கேஹெச் பார்த்தால் எட்டிலிருந்து ஆறாகியிருந்தது. பத்தாயத்தை நிரப்பப் போய், இருந்ததையும் கொட்டிவிட்ட கதை. மீன் ரெண்டும் பிழைத்தன. மென்பவளம் பத்து நாள் வாய் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். செலவில்லாதது. விடியலில் ஒரு சொம்புத் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு கீழே வாசல் திண்ணைக்குப் போ. சின்னக் காற்றுக் குமிழி மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிடு. பிறகு பிஹெச் பார். இன்னொரு சொம்பை மாடி அறையிலேயே அதேபோல் செய். திண்ணைத் தண்ணீர் 8.1-க்கு ஏறியது. அறைத் தண்ணீர் 7.8-க்கு மேல் நகரவில்லை. ஆக, கோளாறு தண்ணீரில் இல்லை, அறைக் காற்றில் இருந்தது. அந்த அறையில் இவனும் மனைவியும் குழந்தையும் தூங்குகிறார்கள், ஜன்னல் சாத்தி, ஏசி போட்டு. ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. மூன்று பேர் விட்ட மூச்சு தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எந்த மருந்து ஊற்றினாலும் மறுநாள் காலை மறுபடி 7.7-தான்.

வெளியே இருக்கிற பெரிய அறையிலும் இது நடக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் மேற்பரப்பின் பிஹெச் சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது என்பதால் இதையும் எழுதுகிறேன். இந்த விசாரணைக்கெல்லாம் நடுவில் தம்பி மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, ராமேஸ்வரம் பக்கம் ஒருத்தர் உயிர்க்கல்லு தரேங்கிறாரு. பவளத்தோட. அதைப் போட்டா தண்ணி தானா நிலைச்சு நிக்குமாம்ல?" லீ சின் எங் சொன்னதுதான், யாரோ இவன் காதில் போட்டிருக்கிறார்கள். 2001-க்குப் பிறகு அது ஜெயில் விஷயம் என்றேன். விலங்குச்சல்லி கதையைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். வாங்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வாங்குவேன் என்றும் சொல்லவில்லை. போன மாதம் போயிருந்தபோது தொட்டியைக் கொஞ்சம் உற்றுத்தான் பார்த்தேன். பழைய காய்ந்த பாறைகள்தான் இருந்தன.

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறான். டெல்டாவில் அது இல்லாமல் ராத்திரி ஜன்னல் திறக்க முடியாது. நுரை பிரிக்கும் கருவிக்குக் காற்று இழுக்கும் குழாயை வலை வழியாக வெளியே விட்டிருக்கிறான். கட்டில் ஓரம் ஒரு பழைய குளுக்கோஸ் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ராத்திரி பத்து மணியிலிருந்து சுண்ணாம்புத் தெளிவு, நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு என்று. ஏசி செலவு கூடிவிட்டது என்று அவன் மனைவிக்குக் கோபம். சித்தப்பா மாடி ஏறி வந்து, மீட்டரைத் தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். காலை ஐந்தே முக்கால், 7.98.

"இது சரியாத்தான் இருக்கு" என்றார். "சாயந்திரம் எவ்ளோ?"